அமெரிக்க அரசின் பதவிப் பட்டியல் ‘பிளம் புக்’: குடிமக்கள் பார்வையில் ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் முடிந்த கையோடு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இருநூறு பக்கங்களைத் தாண்டும் அரசு வெளியீடு ஒன்று வருவது வழக்கமாக இருந்தது. ‘அமெரிக்க அரசின் கொள்கைப் பதவிகளும் துணைப் பதவிகளும்’ என்று பொருள்படும் நீண்ட தலைப்பு அதற்கு உண்டு என்றாலும், அட்டையின் நிறத்தை வைத்து ‘பிளம் புக்’ என்ற பெயரே வழக்கில் நிலைத்துவிட்டது. போட்டித் தேர்வு முறைக்கு வெளியே நிரப்பப்படக்கூடிய 9,000-க்கும் மேற்பட்ட கூட்டாட்சிப் பதவிகள், துறைவாரியாக, அவற்றில் அந்த நேரத்தில் அமர்ந்திருப்பவர்களின் பெயர்களோடு அதில் இடம்பெறுகின்றன. 2022-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்படி இதே தகவல் இப்போது பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் இணையதளத்திலும் கிடைக்கிறது. வேண்டியவர்களுக்கும் நிதி கொடுத்தவர்களுக்கும் பதவி வழங்கும் பழக்கத்தைக் கண்காணிக்க விரும்பும் குடிமகனுக்கு இந்தப் பட்டியல் ஒரு பொதுச் சேவையாக எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதையே இங்கு எடைபோடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பட்டியலை ஓர் அரசு தானே தொகுத்து, இலவசமாக, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வெளியிடுவது மிகப் பெரிய நன்மை. அதிபரின் கையில் எத்தனை பதவிகள் இருக்கின்றன, அவை எங்கே இருக்கின்றன, அவற்றில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு இதைவிட நேரான விடை தரும் ஆவணம் வேறில்லை. ஆனால் இது பதவி வேண்டுவோருக்காகப் பிறந்த பட்டியல். அந்தப் பிறப்பின் அடையாளம் இன்றுவரை அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஒருவர் ஏன் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று கேட்கும் வாசகருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

பிறப்பின் கதை இந்த மதிப்பீட்டுக்குத் தேவைப்படுகிறது. 1933 முதல் இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஜனநாயகக் கட்சியினரே அதிபர்களாக இருந்தார்கள். 1952-இல் குடியரசுக் கட்சியின் ஐசன்ஹோவர் வெற்றி பெற்றபோது, புதிய ஆட்சி எந்தெந்தப் பதவிகளில் தன் ஆட்களை அமர்த்த முடியும் என்பது அக்கட்சியில் பலருக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளில் அந்த நினைவே அறுந்துபோயிருந்தது. ஆகவே அப்படிப்பட்ட பதவிகளின் பட்டியலை அவர்கள் கேட்டுப் பெற்றார்கள். அடுத்த பதிப்பு 1960-இல் வந்தது. அதன் பிறகு ஒவ்வோர் அதிபர் தேர்தலையும் ஒட்டி, மேலவையான செனட்டின் குழு ஒன்றும் கீழவையின் குழு ஒன்றும் மாறி மாறி இதை வெளியிட்டுவந்தன. இவ்வாறு ஆட்சியைப் பிடித்த கட்சியின் கைக்குறிப்பாகத் தொடங்கியது, பிறகு ஊடகங்களும் ஆய்வாளர்களும் வேலை தேடும் இளைஞர்களும் புரட்டும் பொது ஆவணமாக மாறியது. நோக்கம் மாறியபோதும் வடிவம் மாறவில்லை என்பதே என் முதல் குறை.

பட்டியலில் ஒரு பதிவு எப்படி இருக்கிறது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படிக்கத் தெரியாமல் திறப்பவர் தவறான முடிவுக்கு வருவது எளிது. முதலில் பணியிடம், அடுத்துப் பதவியின் பெயர், பிறகு பதவியில் இருப்பவரின் பெயர், நியமன வகை, ஊதியத் திட்டம், ஊதிய நிலை, பதவிக்காலம், அது முடியும் நாள் என்று பத்திகள் செல்கின்றன. இவற்றில் உயிர்நாடி, நியமன வகையைக் காட்டும் இரண்டு மூன்று எழுத்துகள்தான். ‘பிஏஎஸ்’ என்றால் அதிபர் நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டிய பதவி. துறைச் செயலாளர்கள் (நம் வழக்கில் அமைச்சர்கள்), துணைச் செயலாளர்கள், தூதர்கள் போன்றோர் இதில் வருவர். ‘பிஏ’ என்றால் செனட்டுக்குப் போகாமல் அதிபரே நியமிப்பது. ‘என்ஏ’ என்பது மூத்த நிர்வாகப் பணியில், அதாவது அரசின் உயர்நிலை மேலாளர்களுக்கான பணிப்பிரிவில், அரசியல் நியமனம். ‘சிஏ’ என்பது அதே பணியில் நிரந்தர அதிகாரி. ‘எஸ்சி’ என்பது அட்டவணை சி, அதாவது மேலதிகாரியின் நம்பிக்கைக்குரியவராக, அவரோடு வந்து அவரோடு போகும் உதவியாளர்களுக்கான வகை. இதை 1953-இல் ஐசன்ஹோவர் ஆட்சி ஒரு நிர்வாக ஆணையின் மூலம் உருவாக்கியது.

இந்த எழுத்துகளைக் கவனிக்காமல், 9,000 பதவிகளும் கட்சிக்காரர்களுக்கான பதவிகள் என்று எழுதும் செய்திகளை அடிக்கடிக் காண்கிறோம். அது பிழை. மூத்த நிர்வாகப் பணியின் பல பதவிகளில் அரசியல் நியமனமும் செய்யலாம், நிரந்தர அதிகாரியையும் அமர்த்தலாம் என்ற நிலை இருப்பதால், நிரந்தர அதிகாரிகள் வகிக்கும் பதவிகளும் பட்டியலில் ஏராளமாக இடம்பெறுகின்றன. உண்மையில் அரசியல் நியமனம் பெறுவோர் ஏறத்தாழ 4,000 பேர்; அவர்களில் செனட் ஒப்புதல் தேவைப்படுவோர் 1,200-க்கும் 1,300-க்கும் இடையில். மூத்த நிர்வாகப் பணியில் அரசியல் நியமனங்கள் அரசு முழுவதிலும் 10 விழுக்காட்டையும், எந்த ஒரு முகமையிலும் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று சட்டமே வரம்பு கட்டியிருக்கிறது. இந்த வரம்பு எந்தத் துறையில் எவ்வளவு நெருங்கப்பட்டிருக்கிறது என்பதை ஓர் எளிய அட்டவணையாகக் காட்டுவதற்கு வேண்டிய தகவல் தொகுப்பாளர்களிடம் இருக்கிறது. அதைச் செய்யாமல், வாசகரே வரிவரியாக எண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது எனக்கு ஏமாற்றமளிக்கிறது.

நல்லதையும் நிறைவாகச் சொல்ல வேண்டும். ஆட்சியாளர் ஒருவர் நினைத்தால் கொடுக்கக்கூடிய பதவி எது என்பது வெளியே தெரியாத இடத்தில்தான் பதவி வணிகம் செழிக்கிறது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் நிற்கும் தரகருக்கு மட்டும் தெரிந்த காலியிடம் என்பது அந்தத் தரகரின் சொத்தாகிவிடுகிறது. பிளம் புக் அந்தச் சொத்தை அழிக்கிறது. தொலைதூர மாநிலத்தில் இருக்கும் வேளாண் துறையின் இயக்குநர் பதவி முதல் வாஷிங்டனில் அமைச்சர் அலுவலகத்தில் இருக்கும் உரை எழுதுபவர் பதவி வரை, ஒவ்வொன்றும் அச்சில் வந்துவிடுவதால், யார் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதைச் செய்தியாளர் ஒருவர் ஒரே மாலையில் கண்டறிய முடிகிறது. வாரியங்கள், ஆணையங்கள் ஆகியவற்றின் உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் முடியும் நாளும் தரப்பட்டிருப்பது மிகவும் பயனுள்ளது. அடுத்து எந்த நாற்காலி காலியாகிறது, அதற்கு எவ்வளவு காலத்துக்கு முன்பே காய்நகர்த்தல் தொடங்கக்கூடும் என்பதைக் குடிமக்களும் முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம்.

இந்த வெளிப்படைத்தன்மை எளிதில் வந்ததல்ல. 1829-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபரானதிலிருந்து, வென்ற கட்சி அரசுப் பதவிகளைத் தன் தொண்டர்களுக்குப் பங்கிடுவது வெளிப்படையான வழக்கமாக வேரூன்றியது. பதவி பெற்றவர் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்சிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அரசின் பணமே இப்படிச் சுற்றி வந்து கட்சியின் தேர்தல் செலவாக மாறியது. நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அலுவலகம் இதன் பெருங்கோட்டைகளில் ஒன்று. 1881 ஜூலை 2 அன்று அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோ, தேர்தலில் தான் ஆற்றிய பணிக்கு பாரிசில் தூதரகப் பதவி கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர். செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்தார். அடுத்து அதிபரான செஸ்டர் ஆர்தர், அதே நியூயார்க் சுங்க அலுவலகத்தின் தலைவராக இருந்து 1878-இல் அதிபர் ஹேஸால் நீக்கப்பட்டவர். சலுகைப் பதவி முறையின் பலனை முழுவதும் அனுபவித்த அவரே 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தகுதித் தேர்வையும், கட்சிக்குச் சம்பளப் பங்கு கேட்பதற்கான தடையையும் கொண்டுவந்த அச்சட்டம் தொடக்கத்தில் கூட்டாட்சிப் பணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே தொட்டது. பிறகு படிப்படியாக விரிந்தது. அந்தச் சட்டத்தின் வேலி எங்கே முடிகிறதோ, அங்கிருந்து தொடங்கும் நிலத்தின் வரைபடம்தான் பிளம் புக். அந்த வகையில் அதன் வரலாற்று மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் பெரியது, பதவிக்குத் தேவையான தகுதி என்ன என்பதையும் அமர்ந்திருப்பவரின் முன் அனுபவம் என்ன என்பதையும் பட்டியல் சொல்லாமல் விடுவது. 2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் தாக்கியபோது கூட்டாட்சிப் பேரிடர் மேலாண்மை முகமையின் தலைவராக இருந்தவர் மைக்கேல் பிரவுன். 2001-இல் அந்த முகமைக்குள் வருவதற்கு முன் அவர் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கம் ஒன்றில் போட்டி நடுவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்தவர். முகமைக்கு அவரை அழைத்து வந்தவர் அப்போதைய தலைவரும் அவருடைய நெடுநாள் நண்பருமான ஜோ ஆல்பா. நியூ ஆர்லியன்ஸ் நகரம் நீரில் மூழ்கிக் கிடந்த நாட்களில்தான் அவருடைய முன் அனுபவம் பொதுமக்களின் பேச்சுக்கு வந்தது; செப்டம்பர் 12 அன்று அவர் பதவி விலகினார். அவர் பெயரையும் நியமன வகையையும் ஊதிய நிலையையும் முன்பே அச்சிட்டிருந்த பட்டியலில் இருந்து, பேரிடர் மேலாண்மையில் அவருக்கு இருந்த அனுபவத்தைப் பற்றி ஒருவரும் எதையும் அறிந்திருக்க முடியாது.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு 2006-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. முகமையின் தலைவராக நியமிக்கப்படுபவர் பேரிடர் மேலாண்மையில் நிரூபிக்கப்பட்ட திறனும் அறிவும் உடையவராகவும், ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத நிர்வாகத் தலைமை அனுபவம் உடையவராகவும் இருக்க வேண்டும் என்று அது விதித்தது. இதுபோல் தகுதி விதிக்கப்பட்ட பதவிகள் வேறு சிலவும் உண்டு. ஒரு பதவிக்குச் சட்டம் தகுதி விதித்திருக்கிறதா இல்லையா என்ற ஒரே ஒரு பத்தியைப் பட்டியலில் சேர்த்திருந்தால்கூட, எந்தெந்த முக்கியப் பதவிகள் இன்னும் எவ்விதத் தகுதி வரம்பும் இன்றிக் கிடக்கின்றன என்பது ஒரே பார்வையில் வெளிப்பட்டிருக்கும். உயிர்கள் போன பிறகு ஒரு பதவிக்கு மட்டும் தகுதி எழுதுவதும் மற்றவற்றை அப்படியே விடுவதும் எப்படி நடக்கிறது என்றால், அந்த இடைவெளி யார் கண்ணிலும் படும்படி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்பதால்தான். இந்தப் பத்தியைச் சேர்ப்பதற்குப் புதிய விசாரணை எதுவும் தேவையில்லை. சட்டப் புத்தகத்தில் இருப்பதை எடுத்து எழுதினால் போதும்.

தூதர் பதவிகளில் இந்தக் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அமெரிக்கத் தூதர்களில் பெரும்பாலோர் வெளியுறவுப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர்கள். ஆனால் பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அரசியல் நியமனமாகவே வந்திருக்கிறார்கள். மேற்கு ஐரோப்பாவின் வசதியான தலைநகரங்களும் இதமான தீவு நாடுகளும் பெருமளவு இப்படி வருபவர்களுக்கே போகின்றன. கடினமான இடங்களுக்குப் பணித்துறை அதிகாரிகள் போகிறார்கள். நிக்சன் காலத்தில் அவருடைய வழக்கறிஞரும் நிதி திரட்டுபவருமான ஹெர்பர்ட் கால்ம்பாக், 1,00,000 டாலர் தேர்தல் நிதிக்கு ஈடாக ஒருவருக்கு ஐரோப்பியத் தூதர் பதவி தருவதாக வாக்களித்த குற்றத்தை 1974-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த நிகழ்வுகள் மறக்கப்படாத நிலையில்தான் 1980-ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டம் வந்தது. தூதர் பதவிகள் வழக்கமாகப் பணித்துறையினருக்கே தரப்பட வேண்டும், தேர்தல் நன்கொடை நியமனத்தில் ஒரு காரணியாக இருக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. மேலும், தூதராக முன்மொழியப்படுபவர் தானும் தன் குடும்பத்தினரும் முந்தைய நான்கு ஆண்டுகளில் கொடுத்த அரசியல் நன்கொடைகளின் விவரத்தை செனட்டின் வெளியுறவுக் குழுவிடம் தாக்கல் செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது.

நன்கொடை விவரத்தை முன்மொழியப்பட்டவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அது செனட்டிடம் இருக்கிறது. அரசியல் நன்கொடைகளின் பொதுப் பதிவேடு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்திடமும் இருக்கிறது. அதே அரசு வெளியிடும் பதவிப் பட்டியலில் மட்டும் அது இல்லை. தூதரின் பெயருக்கு அருகில் ஊர், நியமன வகை, ஊதிய நிலை ஆகியவற்றை அச்சிடும் கைகளுக்கு நன்கொடைத் தொகையை அச்சிட இடமா இல்லை? இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறவர் மூன்று வெவ்வேறு இடங்களில் தேடி, பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒப்பிட்டு, குடும்பத்தினரின் பெயர்களையும் கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையைச் செய்தியாளர்களும் தூதரகப் பணியாளர் சங்கமும் தன்னார்வ அமைப்புகளும் ஒவ்வோர் ஆட்சியிலும் புதிதாகச் செய்கிறார்கள். பொதுமக்களின் பணத்தில் நடக்கும் ஒரு சேவை தன் முக்கியமான பாதியைப் பிறர் உழைப்பில் விட்டுவைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

உறவினர் நியமனத்திலும் இதே நிலைதான். ஜான் கென்னடி 1961-இல் தம் தம்பி ராபர்ட்டைத் தலைமை வழக்கறிஞராக்கினார். 1967-இல் வந்த சட்டம், அரசு அலுவலர் ஒருவர் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட முகமையில் தன் உறவினரை நியமிக்கக் கூடாது என்றது. ஆனால் 2017 ஜனவரியில் நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம், வெள்ளை மாளிகை அலுவலக நியமனங்களை அச்சட்டம் தடுக்கவில்லை என்று கருத்துரைத்தது; அதிபர் டிரம்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் மூத்த ஆலோசகரானார். சட்டத்தின் பொருள் இப்படி மாறி வாசிக்கப்படும்போது, உறவு இருக்கிறது என்ற செய்தியாவது அதிகாரப்பூர்வப் பதிவில் இருக்க வேண்டும். அது இல்லை.

அடுத்த குறை காலம் சார்ந்தது. அச்சுப் பதிப்பு என்பது ஒரு குறிப்பிட்ட நாளின் நிழற்படம். அதுவும் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முந்தைய, பெரும்பாலும் வெளியேறப்போகும் ஆட்சியின் நிழற்படம். புதிய அதிபர் பதவியேற்றுத் தன் ஆட்களை அமர்த்தத் தொடங்கிய நாளிலிருந்து பட்டியலில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாகப் பழையதாகின்றன. அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு அவற்றைத் திருத்துவார் இல்லை. ஓர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் விலகிய ஒருவர் எந்தப் பதிப்பிலும் இடம்பெறாமலேயே போகலாம். இடையில் பதவி காலியாக இருந்ததா, தற்காலிகப் பொறுப்பாளர் எவ்வளவு காலம் நடத்தினார் என்பதும் தெரியாது. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிகப் பொறுப்புக்குப் பொதுவாக 210 நாட்கள் என்று வரம்பு வைத்திருக்கும்போது, செனட்டின் கேள்விகளைத் தவிர்க்க ஒருவரைத் தற்காலிகமாகவே நீட்டிப்பதைக் கண்டறிய இந்தப் பட்டியல் உதவாது.

இதை அரசின் சொந்தத் தணிக்கை அமைப்பே சுட்டிக்காட்டியது. அரசு பொறுப்புடைமை அலுவலகம் 2019 மார்ச் மாதம் வெளியிட்ட அறிக்கையில், அரசியல் நியமனம் பெற்றோரைப் பற்றி முழுமையானதும் காலத்துக்கு ஏற்றதுமான பொதுத் தகவல் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை என்று எழுதி, நாடாளுமன்றம் சட்டம் இயற்றுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதன் பலன்தான் 2022 டிசம்பரில், பாதுகாப்புத் துறைக்கான ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்து நிறைவேற்றப்பட்ட பிளம் சட்டம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அச்சிடும் வேலையை, காலந்தோறும் புதுப்பிக்கப்படும் இணையப் பதிவேடாக மாற்றும் பொறுப்பை அது பணியாளர் மேலாண்மை அலுவலகத்திடம் கொடுத்தது.

இணைய வடிவம் அச்சு வடிவத்தைவிட எல்லா வகையிலும் மேலானது. பெயர், முகமை, நியமன வகை என்று தேடலாம். தரவை இறக்கிக்கொண்டு வரிசைப்படுத்தலாம். ஒரு துறையில் அட்டவணை சி பதவிகள் எத்தனை என்பதைச் சில நிமிடங்களில் எண்ணிவிடலாம். அச்சுப் பதிப்பில் குறுகிய பத்திகளில் நெருக்கி அடைக்கப்பட்ட சிறிய எழுத்துகளோடு கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் தகவலை அனுப்புவது அந்தந்த முகமைதான். ஒரு முகமை தாமதமாகவோ அரைகுறையாகவோ அனுப்பினால் பதிவேடும் அப்படியே நிற்கும். அதைவிட முக்கியமாக, புதிய தளமும் பழைய பத்திகளையே பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊடகத்தை மாற்றிய சட்டம் கேள்வியை மாற்றவில்லை.

பலரும் கவனிக்காத ஒரு சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். அரசியல் நியமனத்தில் வந்தவர்கள், ஆட்சி முடியும் தருவாயில், போட்டித் தேர்வு முறைக்கு உட்பட்ட நிரந்தரப் பணிகளுக்கு மாறிக்கொள்வது உண்டு. ஆட்சி போனாலும் அவர்கள் அரசுக்குள்ளேயே இருப்பார்கள். இதைக் கட்டுப்படுத்த, நடப்பிலுள்ள அரசியல் நியமனத்தினரையும் முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அப்படி இருந்தவர்களையும் நிரந்தரப் பணியில் சேர்ப்பதற்கு முன் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதி 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பட்டியலில், நிரந்தர அதிகாரி வகிக்கும் பதவிக்கு நேராகப் பெயர் அச்சிடப்படுவதில்லை. ‘பணித்துறை அலுவலர்’ என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டுமே இருக்கும். நேர்மையாகப் பணியாற்றும் அதிகாரியை அரசியல் குறியிலிருந்து காப்பதற்கு இந்த ஏற்பாடு நியாயமானதே, அதை நான் எதிர்க்கவில்லை. ஆயினும் கட்சி ஆளாக வந்து நிரந்தரமாக மாறியவரும் அதே குறிப்புக்குள் மறைந்துவிடுகிறார். அல்லது பட்டியலில் இடம்பெறாத ஒரு பதவிக்குப் போய் முற்றிலும் காணாமல் போகிறார். முந்தைய பதிப்பில் பெயரோடு இருந்தவர் அடுத்த பதிப்பில் எங்கே போனார் என்பதைத் தொடர வழியில்லை. மாறியவர்களின் பெயரை வெளியிடத் தயக்கம் இருந்தால், முகமைவாரியாக எத்தனை மாற்றங்கள் ஒப்புதல் பெற்றன என்ற எண்ணையாவது பதிவேட்டிலேயே தரலாம்.

பட்டியலின் எல்லையையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். இது கூட்டாட்சி அரசின் நிர்வாகத் துறைக்கும் சட்டமன்றத் துறைக்கும் உட்பட்ட பதவிகளைத்தான் சொல்கிறது. நீதிபதிகள் இதில் இல்லை, மாநில, நகர அரசுகளின் பதவிகளும் இல்லை. சலுகைப் பதவி பற்றிய பெரிய வழக்குகள் பலவும் அந்த வெளிப்பகுதியில்தான் எழுந்தன. இல்லினாய் மாநிலத்திலிருந்து சென்ற வழக்குகளில், 1976-இலும் 1990-இலும் உச்ச நீதிமன்றம், கொள்கை வகுக்காத சாதாரணப் பணிகளில் கட்சிச் சார்பைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்கவோ, சேர்க்க மறுக்கவோ, பதவி உயர்வைத் தடுக்கவோ கூடாது என்று தீர்ப்பளித்தது. ஒபாமா அதிபராகத் தேர்வானதால் காலியான செனட் இடத்தை விற்க முயன்றதற்காக 2008 டிசம்பரில் கைதாகி, பின்னர் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ராட் பிளகோயெவிச்சும் அதே மாநிலத்தின் அப்போதைய ஆளுநர்தான். இவற்றைத் தேடி பிளம் புக்கைத் திறப்பவர் வெறுங்கையோடு திரும்புவார். அதற்காக அதைக் குறைசொல்வது நியாயமாகாது.

இன்றைய நிலையில் இந்தச் சேவையின் தேவை மேலும் கூடியிருக்கிறது. 2020 அக்டோபரில் அதிபர் டிரம்ப், கொள்கை சார்ந்த பணிகளில் இருக்கும் நிரந்தர ஊழியர்களை எளிதில் நீக்கக்கூடிய புதிய வகைக்கு மாற்றும் ‘அட்டவணை எஃப்’ ஆணையை வெளியிட்டார். 2021 ஜனவரியில் பைடன் அதை நீக்கினார். 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் அதைத் திருத்திய வடிவில் மீண்டும் கொண்டுவந்தார். இந்த வகைக்குள் ஏறத்தாழ 50,000 பதவிகள் வரக்கூடும் என்று பணியாளர் மேலாண்மை அலுவலகமே மதிப்பிட்டது. இவை அரசியல் நியமனங்கள் அல்ல, தகுதி அடிப்படையிலேயே நிரப்பப்படும் என்பது ஆட்சியின் விளக்கம். அந்த விளக்கம் நடைமுறையில் காப்பாற்றப்படுகிறதா என்று சரிபார்க்க வேண்டுமானால், மாற்றப்பட்ட ஒவ்வொரு பதவியும், அதிலிருந்து நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும், அந்த இடத்துக்கு வந்தவர் எந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதும் இதே பதிவேட்டில் வர வேண்டும். 4,000 பேரைக் கண்காணிக்க வடிவமைக்கப்பட்ட பட்டியல் இந்த அளவுக்குப் போதாது.

இதைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. அச்சுப் பதிப்புகளை வரலாற்று ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசு வெளியீட்டு அலுவலகத்தின் தளத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நடப்பு நிலைக்கு இணையப் பதிவேட்டைத் திறந்து, முதலில் நியமன வகையை வைத்து வடிகட்டுங்கள். ‘பிஏஎஸ்’ பதவிகளில் தொடங்க வேண்டாம், ஏனெனில் அவர்களை செனட்டும் ஊடகமும் ஓரளவு பார்த்துக்கொள்கின்றன. ‘பிஏ’, ‘என்ஏ’, ‘எஸ்சி’ என்று குறிக்கப்பட்டவர்கள்தான் எந்த விசாரணைக் குழுவின் முன்பும் அமராமல் பதவிக்கு வருகிறார்கள். அவர்களின் பெயர்களைத் தேர்தல் ஆணையத்தின் நன்கொடைப் பதிவேட்டோடும், கிடைக்கும் இடங்களில் அவர்களின் சொத்து விவர அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். பதவிக்குச் சட்டத் தகுதி உண்டா என்பதை அந்த முகமையை நிறுவிய சட்டத்தில் பாருங்கள். நன்கொடை கொடுத்தவர் எல்லாம் தகுதியற்றவர் என்ற முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்களில் மிகச் சிறந்த தூதர்களும் இருந்திருக்கிறார்கள், பல்லாண்டு பணிபுரிந்தும் சோபிக்காத அதிகாரிகளும் இருந்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியது, அந்தப் பதவியின் வேலைக்கும் அந்த மனிதரின் வாழ்நாள் வேலைக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்பதைத்தான்.

ஐந்தில் மதிப்பெண் தரச் சொன்னால், பதவிகளின் இருப்பிடத்தை அறிவதற்கு ஐந்தும், நியமனங்களின் நேர்மையை அறிவதற்கு இரண்டும் தருவேன். சட்டத் தகுதி, முந்தைய பணி, நன்கொடை விவரம் ஆகிய மூன்று பத்திகளையும் தற்காலிகப் பொறுப்பின் தொடக்க நாளையும் சேர்த்தால் இரண்டாவது மதிப்பெண்ணை உயர்த்தத் தயங்க மாட்டேன். இந்த நான்கில் மூன்று ஏற்கெனவே ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் கோப்பில் இருக்கின்றன, நான்காவதான முந்தைய பணியை நியமனம் பெறுபவரிடமே ஒரு வரியில் கேட்டு வாங்கிவிடலாம்.